இரண்டு கொம்பியூட்டர், ஒரு மொனிட்டர்

ஹியூபேட்டுக்குப் பொய் சொல்லத் தெரியாது. இது அவரைப் பற்றி அவரே முப்பத்திரண்டு வருடமாகச் சொல்லிவரும் செய்தி. மனைவி புளோறன்ஸ் அதை ஒருநாளும் மறுத்ததில்லை. பொய் சொல்லத் தெரியாத மனிதனோடு குடும்பம் நடத்துவது எவ்வளவு கரைச்சல் என்பது கொட்டாஞ்சேனை முழுவதிலும் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

மனுசன் கொழும்புக் கோட்டையில் ஒரு கப்பல் ஏஜென்சியில் முப்பத்தினாலு வருடம் சரக்குப் பட்டியல் எழுதியவர். பட்டியலில் ஏழு பெட்டி என்றால் துறைமுகத்தில் ஏழு பெட்டி இறங்கவேண்டும். ஆறு இறங்கினாலும் குற்றம், எட்டு இறங்கினாலும் குற்றம். பென்சன் எடுத்து ஐந்து வருடமாகிவிட்டது. கப்பல் அவரை விட்டுவிட்டது, பட்டியல் விடவில்லை. நத்தார் கேக்குக்கு வாங்கிய கஜுவைக்கூட எண்ணி எழுதி பிரிஜ்ஜின் கதவில் ஒட்டிவைக்கிற ஆள் அவர்.

2007ஆம் ஆண்டு முடிகிற நேரம், வடக்கில் சண்டை நடந்துகொண்டிருக்க, பொலிஸார் வீடு வீடாக ஒரு படிவம் கொடுத்துவிட்டுப் போனார்கள். வீட்டில் எத்தனை பேர், எந்த ஊரிலிருந்து வந்தவர்கள், கொழும்பில் ஏன் இருக்கிறார்கள் என்று அதில் கேட்டிருந்தது. மற்றவர்கள் காரணமில்லாமலே கொழும்பில் இருக்கலாம். தமிழர் இருப்பதற்குக் காரணம் வேண்டும். பக்கத்து வீடுகளில் எல்லாரும் புத்தியோடு, கேட்டதற்கு மட்டும், கையெழுத்து விளங்காதபடி எழுதிக் கொடுத்தார்கள்.

ஹியூபேட்டுக்கு அந்தப் படிவம் போதவில்லை. ஆட்களை மட்டும் கேட்டிருக்கிறார்கள், சாமான்களைக் கேட்கவில்லையே என்று அவருக்குப் பெரிய மனக்குறை. ஆகவே தானாகவே ஒரு இணைப்புத் தாள் தயாரித்தார். பிரிஜ் ஒன்று, தையல் மெசின் ஒன்று, அயன் ஒன்று, ரேடியோ ஒன்று (வேலை செய்யாது), கொம்பியூட்டர் இரண்டு, மொனிட்டர் ஒன்று.

"பொலிசென்ன, எங்கட வீட்டுச் சாமான் வாங்கவே வரப்போறாங்கள்?" என்று புளோறன்ஸ் கேட்டாள். "அவங்கள் கேட்டதுக்கு மட்டும் எழுதுங்கோ."

"உமக்கு விளங்காது புளோறன்ஸ். கேக்கமுதலே நாங்களாக் குடுத்தால் அவங்களுக்குச் சந்தேகமே வராது."

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. இந்த ஆண்டி ஊதியதோடு நிற்காமல் கையெழுத்தும் வைத்து, திகதியும் போட்டு, படிவத்தோடு குண்டூசியால் குத்திக் கொடுத்துவிட்டு வந்தார்.

இரண்டு கொம்பியூட்டருக்கு ஒரு மொனிட்டர் வந்த கதையையும் சொல்லிவிட வேண்டும். பழைய கொம்பியூட்டர் ஹியூபேட்டுடையது. அதில் அவர் பத்திரிகைகளுக்குக் கடிதம் எழுதுவார், பத்திரிகைகள் அவற்றைப் போடாமல் விடும், இருபகுதிக்கும் நல்ல ஒற்றுமை. புதியது புளோறன்ஸின் தம்பி வலன்ரைனுடையது. முப்பத்தெட்டு வயது, கலியாணம் முடிக்காதவன், மன்னாரிலிருந்து வந்து அக்கா வீட்டு முன்னறையில் இருந்தபடி கட்டட வரைபடம் கீறிக் கொடுக்கிறவன். ஹியூபேட்டின் பெரிய வயிறு வைத்த பழைய மொனிட்டர் ஒரு இடிமுழக்கத்தோடு செத்துப்போனது. அடுத்தநாளே அவர் தன்னுடைய கொம்பியூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்து மைத்துனனின் மேசைக்குக் கீழே வைத்துவிட்டார். "ஒரு வீட்டுக்கு ஒரு மொனிட்டர் காணும்" என்று தீர்ப்பு. வாங்கியவன் மைத்துனன்.

முதலில் ஹியூபேட் ஒரு திருகுப் பெட்டி வாங்கி வந்தார். இரண்டு கொம்பியூட்டரின் நீலவாய் கேபிளையும் அதில் கொழுவி, ஒரு பக்கம் திருகினால் இவருடையது, மறுபக்கம் திருகினால் அவனுடையது. கடிதம் எழுதுகிறவருக்கு அது போதும். வரைபடம் கீறுகிறவனுக்கு ஒவ்வொரு கோட்டுக்கும் பக்கத்தில் இன்னொரு நிழல்கோடு விழுந்தது. ஒருநாள் ஆறு என்பது எட்டாகத் தெரிந்து, பொரளையில் ஒரு வீட்டுக்குக் கதவை விட நிலை அகலமாகிப் போனது.

"அத்தான், இது அனலொக். வழியில படம் பழுதாகும். மொனிட்டரில டிஜிட்டல் வாயும் கிடக்கு. நான் அதில கொழுவுறன், நீங்கள் நீலத்தில இருங்கோ" என்றான் வலன்ரைன்.

"அனலொக்கில என்ன குறை? இரண்டு பக்கமும் ஆணி வச்சு இறுக்கிறது. கழறாது. உலகம் முழுக்க இதிலதானே ஓடுது!"

உலகம் முழுக்கப் போய்ப் பார்த்தவர். கடைசியில் வலன்ரைன் வெள்ளவத்தையில் ஹாஷிமின் கடைக்குப் போய் வெள்ளைவாய் டிஜிட்டல் கேபிள் ஒன்றை வாங்கி வந்து மாட்டினான். அன்றிலிருந்து வீட்டில் சமாதானம். மொனிட்டரின் முன்னால் உள்ள சின்னப் பட்டனை அமத்தினால் நீலத்திலிருந்து வெள்ளைக்கும், வெள்ளையிலிருந்து நீலத்துக்கும் மாறும். காலையில் ஹியூபேட் நீலத்தில் கடிதம் எழுதுவார், பகலெல்லாம் வலன்ரைன் வெள்ளையில் கோடு கீறுவான்.

அந்தச் சமாதானம் படிவம் கொடுத்துப் பத்தாம் நாள், செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு முடிந்தது. ஒரு இன்ஸ்பெக்டரும் நாலு கான்ஸ்டபிள்களும் ஹியூபேட்டின் இணைப்புத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்கள். அவர் எழுதிய எதையும் ஒருவர் ஒழுங்காக வாசித்தது அதுதான் முதல்தடவை.

பிரிஜ் சரி. தையல் மெசின் சரி. ரேடியோ வேலை செய்யவில்லை, அதுவும் சரி. மேசைக்குக் கீழே குனிந்த இன்ஸ்பெக்டர் இரண்டு பெட்டியையும் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"அனித் ஸ்கிரீன் எக்க கோ?"

மற்றத் திரை எங்கே என்று கேட்டார். இல்லை சேர், இரண்டுக்கும் ஒன்றுதான் என்றார் ஹியூபேட். திரையில்லாத கொம்பியூட்டர் எதற்கு என்று கேட்டார் இன்ஸ்பெக்டர். படிவத்தில் வலன்ரைன் என்ற பெயருக்கு நேரே பிறந்த இடம் மன்னார், கொழும்பில் இருக்கும் காரணம் கட்டட வரைபடம் கீறுதல் என்று ஹியூபேட் தன் முத்துமுத்தான எழுத்தில் எழுதியிருந்தார். மன்னார், கட்டடம், வரைபடம், திரையை ஒளித்துவைத்த கொம்பியூட்டர். இன்ஸ்பெக்டரின் முகத்தில் பதவி உயர்வு தெரிந்தது.

"இப்ப காட்டுறன் சேர்!" என்று ஹியூபேட் முன்னுக்கு வந்தார். தன்னுடையதைத்தான் முதலில் காட்டவேண்டும் அல்லவா? மொனிட்டர் நீலத்தில் நின்றது. இரண்டு கொம்பியூட்டரையும் ஒன்றாகவே போட்டார். அவருடையது வந்தது. பெருமையோடு எல்லாரையும் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, மொனிட்டர் பட்டனை அமத்தினார். திரை கறுத்தது. அமத்தினார், நீலம் வந்தது. அமத்தினார், கறுப்பு. பன்னிரண்டு தடவை வெள்ளைக்கு மாற்றிப் பார்த்தார். பன்னிரண்டு தடவையும் கறுப்பு.

குளித்துக்கொண்டிருந்த வலன்ரைன் சாரத்தோடும் காதில் சவர்க்கார நுரையோடும் ஓடிவந்தான். "அத்தான், அப்பிடியில்லை, முதலில..." என்று கையை நீட்டினான். "அத்த தியன்ன எபா!", கை வைக்காதே என்று ஒரு கான்ஸ்டபிள் அந்தக் கையைப் பிடித்து முதுகுக்குப் பின்னால் முறுக்கினார். அதற்குப் பிறகு அந்தக் கையை அவர்கள் விடவில்லை.

சின்ன விசாரணை என்றார்கள். சேட் ஒன்றைப் போட மட்டும் விட்டார்கள். அவனுடைய கொம்பியூட்டரின் பட்டனுக்கு மேல் ஒரு டேப்பை ஒட்டி, டேப்பில் கையெழுத்தும் வைத்து, வியாழக்கிழமை பத்து மணிக்குக் கொம்பியூட்டர் தெரிந்த ஆள் வருவார், அதுவரை தொடக்கூடாது என்றார்கள். அந்த ஆளுக்கு முன்னால் படம் வந்தால் வலன்ரைன் வருவான். வராவிட்டால் அவனை வேறு இடத்துக்கு அனுப்புவார்கள். எந்த இடம் என்று சொல்லவில்லை. அப்படி அனுப்பப்பட்டுத் திரும்பாத பிள்ளைகளின் தாய்மார் கோயிலில் எந்த வாங்குப் பலகையில் இருப்பார்கள் என்று புளோறன்ஸுக்குத் தெரியும். ஜீப் போன பிறகு அவள் குசினித் தரையில் அப்படியே இருந்துவிட்டாள்.

"மெசினில ஏதோ பிழை" என்றார் ஹியூபேட்.

"மெசினில இல்லை" என்றாள் புளோறன்ஸ்.

அன்று பின்னேரமே வெள்ளவத்தைக்குப் பஸ் ஏறினாள். வழியில் மூன்று இடத்தில் இறக்கி அடையாள அட்டை பார்த்தார்கள். ஒவ்வொரு இடத்திலும் சிங்களச் சனம் பஸ்ஸுக்குள் விசிறிக்கொண்டிருக்க, தமிழ்ச் சனம் கீழே வரிசையில் நின்று யார், எங்கே, ஏன் என்று ஒப்புவித்துவிட்டு மறுபடி ஏறியது.

ஹாஷிம் கதை முழுவதையும் கேட்டார். கேட்டு முடித்ததும் கைலேஞ்சியால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"மெடம், நீலவாய் பழைய மனுசன். அங்கிட்டு ஆள் ஈக்கியா இல்லையாண்டு பாக்காது. கரண்ட் வந்தாச் சரி, படத்த அனுப்பிக்கிட்டே ஈக்கும். வெள்ளவாய் அப்பிடியில்ல. கொம்பியூட்டர் எழும்பக்குள்ளயே கேபிள் வழியாக் கேக்கும், நீ ஆரு, என்ன பேரு, எவ்வளவு சைஸுண்டு. மொனிட்டர் வெவரத்தக் குடுத்தாத்தான் படம் வரும்."

"குடுக்காட்டி?"

"வாய மூடிக்கும். உங்கட மொனிட்டர் நீலத்தப் பாத்துக்கிட்டு ஈக்கக்குள்ள வெள்ளப் பக்கம் பதில் செல்லாது. எல்லா மொனிட்டரும் இப்பிடியில்ல, இந்த மொடல் அப்பிடி. அதால முதல்ல மொனிட்டர வெள்ளக்கி மாத்தணும், பொறகுதான் கொம்பியூட்டரப் போடணும். மாறிச் செஞ்சா நூறு தரம் அமத்தினாலும் வராது."

"அப்ப இதுவும் ஐடென்டிட்டி காட் கேக்குது."

ஹாஷிம் பெரிதாகச் சிரித்தார். பிறகு வீதியில் நின்ற ஆமிக்காரனைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார்.

"தம்பி, வியாழக்கிழமை நீங்களும் ஒருக்கா வந்து நிண்டீங்கள் எண்டால்..." என்று இழுத்தாள் புளோறன்ஸ்.

"மெடம், அல்லாவுக்காக! நான் வந்தா பொறகு என்ட கடைலயும் எண்ணுவானுங்க. இங்க கொம்பியூட்டர் பதினாறு ஈக்கி. மொனிட்டர் ஒம்பது."

ஆனால் கதவைச் சாத்திவிட்டு, அதே மொடல் மொனிட்டர் ஒன்றை எடுத்து வைத்து அவளையே செய்யவிட்டார். வெள்ளைக்கு மாற்று, பொறு, பிறகு போடு. மூன்று தடவை செய்தாள். வாழ்நாளில் தையல் மெசினைத் தவிர வேறு மெசின் தொடாத புளோறன்ஸுக்கு மூன்று தடவையும் படம் வந்தது.

வியாழக்கிழமை காலை ஹியூபேட் ஷூ எல்லாம் போட்டுக்கொண்டு தயாராக நின்றார். இரண்டு நாளாக இருந்து அவர் ஒரு விளக்கவுரை எழுதியிருந்தார். மூன்று பக்கம். மொனிட்டரில் இதுவரை வந்த பிழைகள் எல்லாம் திகதிவாரியாக அதில் இருந்தன. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை வந்தவருக்கு வாசித்துக் காட்டுவது அவருடைய திட்டம். கண்ணாடியைத்தான் காணவில்லை. அலுமாரி, கட்டில், பைபிளுக்குக் கீழே, எங்கும் இல்லை.

"கண்டனீரோ புளோறன்ஸ்?"

"இல்லையே" என்றாள் புளோறன்ஸ். கண்ணாடி அவளுடைய பிளவுசுக்குள் இருந்தது. பொய் சொல்லத் தெரிந்த ஒருவராவது ஒரு வீட்டில் இருக்கவேண்டும்.

வந்தவர் இளம் சப்-இன்ஸ்பெக்டர். கொம்பியூட்டர் தெரிந்தவர் என்பதற்கு அடையாளமாகச் சேட் பொக்கற்றில் இரண்டு பேனை குத்தியிருந்தார். டேப்பை உரித்தார். காட்டுங்கள் என்றார்.

புளோறன்ஸ் மொனிட்டரைப் போட்டு, பட்டனை அமத்தி வெள்ளைக்கு மாற்றினாள். சிக்னல் இல்லை என்று ஆங்கிலத்தில் ஒரு பெட்டி கறுப்புத் திரையில் அங்கும் இங்கும் நீந்தியது. சப்-இன்ஸ்பெக்டர் புருவத்தைத் தூக்கினார்.

"பிழை, பிழை!" என்று வாசலிலிருந்து ஹியூபேட் கத்தினார். "முதல் என்ர மெசினைப் போடவேணும்! சேர், நான்..."

"இஞ்சாருங்கோ. போய்த் தேத்தண்ணியை ஊத்துங்கோ."

முப்பத்திரண்டு வருடத்தில் அவள் அந்தக் குரலில் பேசியதில்லை. ஹியூபேட் போனார். புளோறன்ஸ் தம்பியின் கொம்பியூட்டரைப் போட்டாள். விசிறி உறுமியது. திரை கறுப்பாகவே நின்றது. அந்தோனியாரே, ஒரு செவ்வாய் இல்லை, ஒன்பது செவ்வாய் கோயிலுக்கு வாறன், நடந்தே வாறன் என்று மனதுக்குள் கெஞ்சினாள். திரை ஒருமுறை மின்னியது. பிறகு, மெல்லிய வெள்ளைக் கோடுகளோடு, வலன்ரைனின் உலகம் வந்தது.

சப்-இன்ஸ்பெக்டர் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகத் திறந்தார். நாட்டின் பாதுகாப்புக்கு அச்சுறுத்தலான வரைபடங்கள் மொத்தம் நாற்பத்தொன்று இருந்தன. அதில் பத்தொன்பது கக்கூஸ். ஹெவ்லொக் டவுனில் ஒரு வீட்டின் கக்கூஸை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தவர், யன்னல் ஏன் இவ்வளவு உயரத்தில் என்று கேட்டார். புளோறன்ஸ் தெரியாது என்றாள். தானும் பாணந்துறையில் ஒரு வீடு கட்டுவதாகச் சொன்னார்.

"செவ்வாய்க்கிழமை ஏன் படம் வரவில்லை?" என்று பிறகு சிங்களத்தில் கேட்டார்.

புளோறன்ஸும் சிங்களத்திலேயே சொன்னாள். இந்த வெள்ளைக் கேபிள் எழும்பும்போதே எதிரில் இருப்பது யார் என்று கேட்கும் மாத்தையா, அடையாளம் காட்டினால்தான் கதைக்கும், காட்டாவிட்டால் கதைக்காது. பஸ்ஸை மறிக்கிற உங்களுடைய சென்றி பொயின்ற் மாதிரித்தான்.

சொல்லிவிட்டு, ஐயோ கூடச் சொல்லிவிட்டேனோ என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். சப்-இன்ஸ்பெக்டரோ தலையை ஆட்டினார். "ஹரி, சரிதான். அதுதான் முறை" என்றார். நல்ல கேபிள் என்று பாராட்டவும் செய்தார். பிறகு நீலவாயைக் கையிலெடுத்து, "இது?" என்று கேட்டார்.

"இது கேக்காது மாத்தையா. ஆர் நிண்டாலும் எல்லாத்தையும் கொட்டிப்போடும்."

அந்த நேரம் பார்த்து ஹியூபேட் தேத்தண்ணித் தட்டோடு வந்து நின்றார். புளோறன்ஸ் நீலக் கேபிளைப் பார்த்தாள், புருசனைப் பார்த்தாள்.

எல்லாம் சரி, ஆளை விடச் சொல்கிறேன் என்று சப்-இன்ஸ்பெக்டர் போனில் ஸ்டேசனுக்குச் சொன்னார். ஆனால் இரண்டு கொம்பியூட்டருக்கு ஒரு மொனிட்டர் என்பதைப் பெரியவர்களுக்கு விளங்கப்படுத்தவேண்டும், அதற்கு மொனிட்டர் வேண்டும் என்றார். கான்ஸ்டபிள் ஒருவர் கழற்றத் தொடங்கினார். கொண்டுபோங்கள், பிரிஜ்ஜையும் கொண்டுபோங்கள், என்னுடைய தம்பி வந்தால் காணும் என்று புளோறன்ஸுக்குச் சொல்லத் தோன்றியது. அதற்குள் ஹியூபேட் குறுக்கே வந்தார்.

"சேர், பற்றுச்சீட்டுத் துண்டு ஒண்டு தரவேணும். சாமான் வெளியில போறதெண்டால் துண்டு வேணும்."

வேலியில் போன ஓணானைப் பிடித்து மறுபடியும் வேட்டிக்குள் விடுகிறாரே மனுசன் என்று அவள் அந்தோனியாரை மறுபடி கூப்பிட்டாள். ஆனால் அதிசயம், சப்-இன்ஸ்பெக்டர் உட்கார்ந்து எழுதினார். கம்பனி, பதினேழு அங்குலம், நிறம் கறுப்பு, தொடர் இலக்கம், கீறல் இல்லை, நல்ல நிலையில் உள்ளது, நீலக் கேபிள் ஒன்று, வெள்ளைக் கேபிள் ஒன்று, திகதி, நேரம். கீழே தன் பெயரும் பதவியும் எழுதிக் கையெழுத்தும் வைத்தார்.

வலன்ரைன் நாலு மணிக்கு வந்தான். நடந்தே வந்தான். சேட்டில் இரண்டு பொத்தான் இல்லை. முறுக்கின கையை மற்றக் கையால் தாங்கிப் பிடித்திருந்தான். புளோறன்ஸ் என்ன கேட்டும், "ஒண்டுமில்லை அக்கா" என்று மட்டும் சொன்னான். அவள் சோறு குழைத்து ஊட்டிவிட, முப்பத்தெட்டு வயது மனுசன் வெட்கப்படாமல் வாயைத் திறந்தான். அவளுக்கு அப்போதுதான் அழுகை வந்தது.

ஹியூபேட் மேசையில் துண்டை விரித்துவைத்துத் தடவிக்கொண்டிருந்தார். கண்ணாடி எப்படியோ பைபிளுக்குக் கீழேயே கிடைத்துவிட்டிருந்தது.

"பாத்தீரோ புளோறன்ஸ்? எவ்வளவு வடிவா எழுதியிருக்கிறான். கேட்டால் தருவினம். எங்கட சனத்துக்குக் கேக்கத் தெரியாது."

"செவ்வாய்க்கிழமை ஏன் கேக்கேல்ல?"

"செவ்வாய்க்கிழமை என்ன சாமான் கொண்டுபோனவங்கள்?"

"என்ர தம்பியை."

ஹியூபேட் துண்டின்மேல் இருந்த கையை எடுத்தார்.

பிறகு, அவர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அந்தத் துண்டைப் பார்த்துப் பார்த்து எழுதத் தொடங்கினார். கம்பனி இருந்த இடத்தில் பெயர். தொடர் இலக்கம் இருந்த இடத்தில் அடையாள அட்டை இலக்கம். அங்குலம் இருந்த இடத்தில் உயரம். கொண்டுபோகிறவரின் பெயர், பதவி, கையெழுத்து, நேரம், எல்லாவற்றுக்கும் நேர்கோடு போட்டு இடம் விட்டார். மூன்று பிரதி. அடுத்தமுறை யாராவது வந்தால் வலன்ரைன் சேட் பொக்கற்றிலிருந்து எடுத்து நீட்டவேண்டும். அடுத்தமுறை இருக்காது என்று அந்த அறையில் ஒருவரும் சொல்லவில்லை.

பாதியில் பேனை நின்றது.

"நிலை எண்டு ஒண்டு கிடக்கு" என்றார் ஹியூபேட், தலையை நிமிர்த்தாமல். "என்னெண்டு எழுத?"

புளோறன்ஸ் தம்பியைப் பார்த்தாள். அவன் இடது கையால் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான்.

"வீட்டை விட்டுப் போகேக்க நல்லா இருந்தவன் எண்டு எழுதுங்கோ" என்றாள். "இரண்டு கையும் வேலை செய்தது எண்டும் எழுதுங்கோ."